வானியல் ஒளிப்படங்களும் ஆர்வலர்தம் வினாக்களும்: படிம வாசிப்பு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வானியல் ஆய்வு நிறுவனங்கள் பொதுவெளியில் வழங்கும் ஒளிப்படங்களைத் தொழில்முறை வானியலாளர் அல்லாத ஆர்வலர்கள் உற்று நோக்குகின்றனர். அவற்றின்மீது வினா எழுப்புகின்றனர். அவ்வினாக்களுள் சில புதிய கண்டறிதல்களுக்கு வழிவகுத்துள்ளன. சில, கால் நூற்றாண்டுக் காலம் ஐயமாகவே நின்றுள்ளன. இவ்வேறுபாடு வினவுவோரின் கல்வித் தகுதியைச் சார்ந்ததன்று என்பதும், வினாவானது படம் உருவான முறையைத் தொடுகிறதா, தன்னைப் பொய்ப்பிக்கக்கூடிய மற்றொரு படத்தை நாடுகிறதா என்பதைச் சார்ந்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். 2007-இல் வெளிப்பட்ட ஹானியின் பொருள், பச்சைப் பட்டாணி விண்மீன் திரள்கள், 2019-இல் கண்டறியப்பட்ட விக்ரம் லேண்டரின் சிதைவுகள், 1976-ஆம் ஆண்டின் செவ்வாய் 'முகம்' ஆகியவை இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இறுதியில் தமிழில் வானியல் படக்குறிப்பு எழுதும் முறையும் 'போலி நிறம்' என்னும் கலைச்சொல்லும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வானியல் ஒளிப்படம், ஆர்வலர் அறிவியல், படிம வாசிப்பு, படக்குறிப்பு, அறிவியல் தமிழ், கலைச்சொல்.

முன்னுரை

சென்ற கல்வியாண்டில் இளநிலை மாணவர்க்கு அறிவியல் தமிழ் வகுப்பொன்றை நடத்தும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்கு அமைந்தது. கோள்களின் பெயர்களைப் பற்றிய பாடம் அது. திரையில் நெப்டியூனின் ஆழ்ந்த நீல நிறப் படம் தோன்றியபோது, பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர், "இந்தக் கோள் கண்ணுக்கு இப்படித்தான் தெரியுமா, சார்?" என்று வினவினார். விண்கலம் நேரில் சென்று எடுத்த படம். ஆகவே அப்படித்தான் தெரியும் என்று விடை கூறி அடுத்த படத்திற்குச் செல்லப்பட்டது. அவ்விடை பிழையானது என்பது சில வாரங்களுக்குப் பின்னரே தெரியவந்தது. மாணவரின் வினா சரியானது. ஆசிரியரின் உறுதிதான் தவறானது. பாடத்தின் ஓட்டத்தில் எளிதாகக் கடந்து செல்லப்பட்ட அந்த வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று.

வானியல் ஒளிப்படத்தைப் பார்த்து ஐயம் கொள்வோரை அறிவியல் எழுத்தாளர்கள் பொதுவாக இரு வகையாகப் பிரித்துவிடுகின்றனர். கண்டறிதலில் சென்று முடிந்தால் அவர் ஆர்வலர். முடியாவிட்டால் அவர் சதிக்கதையாளர். விளைவை வைத்துப் பின்னோக்கிச் சூட்டப்படும் இப்பெயர்கள், வினா எழுந்த கணத்தில் அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு உதவா. வினா எழும் கணத்தில் இருவரும் செய்வது ஒன்றே: படத்தில் ஒன்றைக் கண்டு, 'இது என்ன?' என்கின்றனர். அதற்குப் பின் அவர்கள் என்ன செய்கின்றனர் என்பதில்தான் பாதைகள் பிரிகின்றன.

ஒளிப்படம் உருவாகும் முறை

வினாக்களை ஆராயுமுன் வினவப்படும் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். வானியல் தொலைநோக்கியோடு இணைந்த மின்னணு உணரிக்கு நிறம் தெரியாது. தன்மீது விழும் ஒளியின் அளவை மட்டுமே அது ஒவ்வொரு படப்புள்ளியிலும் எண்ணாகப் பதிவு செய்கிறது. குறிப்பிட்ட அலைநீள எல்லைக்குள் அடங்கும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பல பதிவுகள் எடுக்கப்படுகின்றன. உணரியின் உள்ளிரைச்சல் கழிக்கப்படுகிறது. புள்ளிகளுக்கிடையேயான உணர்திறன் வேறுபாடு சரிசெய்யப்படுகிறது. அண்டக் கதிர்கள் மோதியதால் தோன்றும் பொய்ப் புள்ளிகள் நீக்கப்படுகின்றன. இவ்வளவும் முடிந்தபின் எந்த வடிகட்டியின் பதிவைச் சிவப்பாகவும், எதனைப் பச்சையாகவும், எதனை நீலமாகவும் காட்டுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். நாம் காணும் வண்ணப் படம் இவ்வரிசையின் கடைசி வடிவம்.

தமிழ் ஆய்வாளர்க்கு இது புதிய நிலையன்று. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, பல ஏட்டுச்சுவடிகளின் பாடங்களை ஒப்பிட்டே அச்சுப் பாடத்தை உருவாக்கினார். அச்சு நூலை மட்டும் கையில் வைத்திருப்பவர் ஒரு சொல்லை ஐயுறலாம். ஆனால் அந்த ஐயத்தைத் தீர்க்க அவர் ஏட்டிற்குச் செல்ல வேண்டும். வானியல் படத்திலும் அச்சுப் பாடமும் உண்டு, ஏடும் உண்டு. ஒப்புமையை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. ஏடு எழுதியவரின் கைப்பிழைக்கும் உணரியின் பிழைக்கும் தன்மை வேறு.

நீலப் பொருளும் பச்சைப் பட்டாணிகளும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியின் வழியே ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே என்னும் வானளாவிய படத்தொகுப்பு உருவாயிற்று. அதில் பதிவான விண்மீன் திரள்களுள் ஏறத்தாழ 9 இலட்சத்தைச் சுருள் வடிவம், நீள்வட்ட வடிவம் என வகைப்படுத்தும் தேவை எழுந்தது. ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய கெவின் சவின்ஸ்கி 50,000 படங்களைத் தாமே பார்த்து வகைப்படுத்திச் சலித்திருந்தார். அவரும் கிறிஸ் லின்டாட்டும் வேறு சிலரும் சேர்ந்து 2007 ஜூலையில் கேலக்ஸி ஜூ என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பொதுமக்களின் உதவியை நாடினர். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் 4 கோடிக்கும் மேற்பட்ட வகைப்பாடுகளை அளித்தனர்.

பங்கேற்றோரிடம் கேட்கப்பட்ட பணி எளிது: வடிவத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவே. நெதர்லாந்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்கெல், குயீன் இசைக்குழுவின் கிதார் கலைஞரும் பின்னாளில் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவருமான பிரையன் மே எழுதிய குறிப்பின் வழியே இத்திட்டத்தை அறிந்தவர். 2007 ஆகஸ்டில் ஐசி 2497 என்னும் சுருள் திரளின் படம் அவர்முன் வந்தது. திரளை வகைப்படுத்திவிட்டு அவர் அடுத்ததற்குச் சென்றிருக்கலாம். ஆனால் திரளுக்குக் கீழே ஒழுங்கற்ற நீலக் கறை ஒன்று கிடந்தது. அது என்ன என்று ஆய்வுக் குழுவினரிடம் கேட்டார். கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லாமல், பணியில் அடங்காத ஒன்றைக் கேட்டதுதான் அவர் செய்தது. டச்சு மொழியில் 'ஃபோர்வெர்ப்' என்றால் பொருள் என்றே பொருள். அக்கறை 'ஹானியின் ஃபோர்வெர்ப்' எனப் பெயர் பெற்றது.

இங்கு நிறம்தான் வினாவைத் தூண்டியது. அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. இத்தொகுப்பின் வண்ணப் படங்களில் ஜி என்னும் வடிகட்டியின் பதிவு நீலமாகவும், ஆர் வடிகட்டியின் பதிவு பச்சையாகவும், ஐ வடிகட்டியின் பதிவு சிவப்பாகவும் காட்டப்படுகின்றன. ஜி வடிகட்டி ஏறத்தாழ 400 முதல் 550 நானோமீட்டர் வரையிலான ஒளியை ஏற்பது; அதாவது கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் ஒளியின் பெரும்பகுதியும் அதனுள் அடங்கும். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் வலிமையாக ஒளிர்கிறது. ஐசி 2497 ஏறத்தாழ 65 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால், அண்ட விரிவால் அந்த ஒளி செம்பெயர்ச்சியுற்று 526 நானோமீட்டரை ஒட்டி நம்மை வந்தடைகிறது. அது ஜி வடிகட்டிக்குள் விழுகிறது. ஆகவே நீலமாகக் காட்டப்பட்டது. 2011 ஜனவரியில் வெளியான ஹப்புள் தொலைநோக்கிப் படத்தில் அதே பொருள் பச்சையாக இருக்கிறது. பொருள் மாறவில்லை, நிற ஒதுக்கீடு மாறியது.

நிறமாலை ஆய்வு, அப்பொருள் ஐசி 2497-ஐ ஒட்டிய அதே தொலைவில் உள்ளது என்றும், மிகுந்த ஆற்றலால் அயனியாக்கப்பட்ட வளிமம் என்றும் காட்டியது. ஆனால் அதனை ஒளிர வைக்கத்தக்க விண்மீன்கள் அருகில் இல்லை. பக்கத்துத் திரளின் மையத்தில் கருந்துளையைச் சூழ்ந்து குவாசார் ஒன்று முன்னர் கடுமையாக ஒளிர்ந்திருக்க வேண்டும். அது மங்கிய பின்னும் அதன் பழைய ஒளி வளிமத்தை இப்போதுதான் சென்றடைந்து நமக்குத் தெரிகிறது என்னும் விளக்கம் 2009-இல் லின்டாட் முதலானோர் எழுதிய கட்டுரையில் முன்வைக்கப்பட்டது. அதன் ஆசிரியர்களுள் ஒருவராக ஹானி வான் ஆர்கெலின் பெயரும் உள்ளது. குவாசார் எந்த அளவிற்கு மங்கியது, எந்த அளவிற்குத் தூசாலும் வளிமத்தாலும் மறைக்கப்பட்டிருக்கிறது என்பது பிந்தைய ஊடுகதிர் நோக்கல்களில் திரும்பத் திரும்ப மறுமதிப்பீடு செய்யப்பட்டது. இவ்வகைப் பொருள்கள் வேறு உண்டா என்று ஆர்வலர்களே தேடினர். அத்தேடலின் விளைவாக 2012-இல் 19 திரள்கள் பட்டியலிடப்பட்டன.

இதே தொகுப்பில் சிறிய, உருண்டையான, பச்சை நிறப் புள்ளிகள் ஆங்காங்கே தென்படுவதையும் பங்கேற்றோர் கவனித்தனர். அவற்றைப் 'பச்சைப் பட்டாணி' என்று விளையாட்டாக அழைத்தனர். பெயர் விளையாட்டாயினும் தேடல் அப்படியில்லை. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதை எல்லாம் சேர்ப்பதோடு நில்லாமல், ஒவ்வொன்றின் நிறமாலையையும் திறந்து பார்த்து, ஆக்சிஜன் கோடு வலிமையாக இல்லாதவற்றை நீக்கினர். கரோலின் கார்டமோன் முதலானோரின் 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்வகையில் 251 பொருள்களை ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பான்மை மிக விரைவாக விண்மீன்களை உருவாக்கும் சிறிய திரள்கள் என்று காட்டியது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நீலக் கறையின் நீலத்திற்கும் பட்டாணியின் பச்சைக்கும் காரணம் ஒரே ஆக்சிஜன் கோடுதான். பட்டாணிகள் மிகுந்த தொலைவில் இருப்பதால் அவற்றின் செம்பெயர்ச்சி 0.11 முதல் 0.36 வரை அமைகிறது. அக்கோடு 550 நானோமீட்டரைத் தாண்டி ஆர் வடிகட்டிக்குள் சென்றுவிடுகிறது. ஆகவே பச்சையாகக் காட்டப்படுகிறது. நிறம் இங்கே பொருளின் பண்பு மட்டுமாகவும் இல்லை, படம் செய்தவரின் விருப்பமாகவும் இல்லை. பொருள், தொலைவு, வடிகட்டி, ஒதுக்கீடு ஆகிய நான்கும் கூடிய விளைவு அது. ஒதுக்கீட்டின் விதி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்ததால்தான் 'ஏன் இந்த நிறம்?' என்னும் வினா இயற்பியலுக்கு இட்டுச்சென்றது. விதி மறைக்கப்பட்டிருப்பின் அதே வினா, 'நிறத்தை மாற்றிவிட்டனர்' என்னும் குற்றச்சாட்டில் நின்றிருக்கும்.

பார்ப்பவர் கண்ணைச் சோதித்தல்

வினா ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. கேலக்ஸி ஜூவின் தொடக்கத் தரவில் கடிகாரச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுழல்வனவாகக் குறிக்கப்பட்ட சுருள் திரள்கள் மிகுதியாக இருந்தன. இது உண்மையாயின் அண்டத்திற்கே ஒரு சுழற்சிச் சாய்வு உண்டு என்று பொருள்படும். மிகப் பெரிய முடிவு. ஆய்வுக் குழுவினர் அம்முடிவை அறிவிக்க விரையவில்லை. சில படங்களைக் கண்ணாடி பிம்பம்போல் இடவலமாகத் திருப்பி, அறிவிப்பின்றிப் பங்கேற்றோர்முன் வைத்தனர். சாய்வு அண்டத்தில் இருந்தால் திருப்பப்பட்ட படங்களில் அது எதிர்ப்பக்கம் மாற வேண்டும். மாறவில்லை, அப்போதும் எதிர்த்திசையே மிகுந்தது. சாய்வு மனிதப் பார்வையில் இருந்தது. 2008-இல் வெளியான கேட் லேண்ட் முதலானோரின் கட்டுரை இதனை விளக்குகிறது.

இச்சோதனையின் நேர்த்தியைக் கவனிக்க வேண்டும். பங்கேற்றோரின் நேர்மையையோ திறமையையோ அது ஐயுறவில்லை. ஒரே படத்தின் மற்றொரு வடிவத்தை உருவாக்கி, அதனிடம் வினவியது.

ஒற்றைப் படப்புள்ளி

தமிழ் வாசகர்க்கு நன்கு தெரிந்த நிகழ்வு ஒன்று இவ்விடத்தில் பொருந்தும். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவின் தென்பகுதியில், மான்சினஸ் சி, சிம்பெலியஸ் என் ஆகிய பள்ளங்களுக்கு இடைப்பட்ட சமவெளியில் இறங்கும்போது தொடர்பை இழந்தது. நாசாவின் நிலவுச் சுற்றுக்கலமான எல்.ஆர்.ஓ. செப்டம்பர் 17-இல் அப்பகுதியைப் படமெடுத்தது. அந்தத் தொகுப்புப் படம் செப்டம்பர் 26-இல் வெளியிடப்பட்டது. பலர் அதனைப் பதிவிறக்கித் தேடினர். சென்னையில் மென்பொருள் துறையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அவர்களுள் ஒருவர்.

அப்படத்தில் தேடுவது எத்தகைய பணி என்பதை எண்களே சொல்லும். ஒரு படப்புள்ளி நிலவுத் தரையில் 1.3 மீட்டரைக் குறித்தது. லேண்டரே ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமுடையது. முழுதாக இருந்திருந்தாலும் இரண்டு புள்ளிகளே தேறும். படமெடுத்த நேரத்தில் ஒளியின் படுகோணம் 84 பாகை. அதாவது கதிரவன் தொடுவானத்திற்கு மேலே 6 பாகை உயரத்தில் மட்டுமே இருந்தது. சிறு பாறையும் நீண்ட நிழலைப் பரப்பும் நேரம் அது. எங்கு நோக்கினும் ஒளிப்புள்ளியும் இருட்பட்டையும் நிறைந்த அத்தகைய படத்தில், ஊகத்தால் எதனையும் கண்டுவிடலாம்.

சண்முக சுப்பிரமணியன் செய்தது இதுவே: விழுந்ததற்கு முன்னர் அதே இடத்தை எல்.ஆர்.ஓ. எடுத்திருந்த படங்களைப் பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்து, புதிய படத்தோடு பகுதி பகுதியாக ஒப்பிட்டார். முன்னர் இல்லாமல் பின்னர் தோன்றிய ஒற்றை ஒளிப்புள்ளி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதனை ஆய்வுக் குழுவிற்குத் தெரிவித்தார். அதனை உடனே ஏற்கவும் இல்லை, புறந்தள்ளவும் இல்லை. அக்டோபர் 14, 15 ஆகிய நாள்களிலும் நவம்பர் 11-இலும் எடுக்கப்பட்ட படங்களோடு குழுவினர் அதனை ஒப்பிட்டனர். நவம்பர்ப் படத்தில் ஒரு புள்ளி 0.7 மீட்டர், படுகோணம் 72 பாகை. அதில் மோதிய பள்ளமும், அதிலிருந்து சிதறிய கதிர் வடிவத் தடங்களும், சிதைவுகள் பரவிய நிலப்பரப்பும் தெரிந்தன. பெரிய மூன்று சிதைவுகள் ஒவ்வொன்றும் இரண்டுக்கு இரண்டு புள்ளி அளவில், ஒரு புள்ளி நிழலோடு இருந்தன. சண்முக சுப்பிரமணியன் முதலில் சுட்டிய துண்டு, மோதிய இடத்திற்கு வடமேற்கே ஏறத்தாழ 750 மீட்டர் தொலைவில் கிடந்தது. டிசம்பர் 2-இல் நாசா வெளியிட்ட படத்தில் அவர் கண்ட துண்டு அவர் பெயரின் முதலெழுத்தால் குறிக்கப்பட்டது.

தமது சுற்றுக்கலம் லேண்டரின் இடத்தை முன்னரே கண்டறிந்துவிட்டதாக அப்போதைய இஸ்ரோ தலைவர் கே. சிவன் கூறினார். எவர் முந்தினார் என்னும் விவாதம் சில நாள்கள் செய்தித்தாள்களில் ஓடியது. இக்கட்டுரையாளரின் நோக்கில் அவ்விவாதம் பயனற்றது. இரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஆனால் ஒன்றைச் சரிபார்க்க விரும்பும் எவரும், முன்படத்தையும் பின்படத்தையும் தாமே எடுத்து, அதே புள்ளியில் வைத்துப் பார்க்கலாம். வெளியாள் ஒருவரின் வினா அறிவியலாக மாறுவதற்கு அவருடைய கூர்ந்த பார்வை மட்டும் போதாது. மூலப் படங்களைத் திறந்து வைத்திருக்கும் நிறுவனமும் வேண்டும். இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆர்வலரின் பொறுமையைப் பாராட்டி எழுதிய தமிழ்க் கட்டுரைகளில், அவர் பயன்படுத்திய பொதுப் படத்தொகுப்பைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியவற்றை அரிதாகவே காண முடிந்தது.

செவ்வாயின் 'முகம்'

1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 சுற்றுக்கலம் செவ்வாயின் சிடோனியா பகுதியில் எடுத்த படமொன்றில் மனித முகத்தை ஒத்த மேடு ஒன்று தெரிந்தது. நாசா அதனை வெளியிட்டபோதே, நிழல்களால் கண், மூக்கு, வாய் இருப்பதுபோன்ற மயக்கம் உண்டாகிறது என்று படக்குறிப்பில் எழுதியது. தகவல் பரப்பலில் இழந்த தரவு, படத்தில் கரும்புள்ளிகளாகத் தெரிந்தது. அவற்றுள் ஒன்று மூக்குத் துளைக்குரிய இடத்திலேயே அமைந்தது.

இந்நிகழ்வை மூடநம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். உண்மை அத்துணை எளிதன்று. வின்சென்ட் டிபியட்ரோ, கிரகரி மோலனார் என்னும் இரு பொறியாளர்கள் நாசாவின் தொகுப்பில் தேடி, வேறொரு நாளில் வேறு கதிரவக் கோணத்தில் எடுக்கப்பட்ட இரண்டாவது படத்தைக் கண்டெடுத்தனர். செய்ய வேண்டிய செயல் அதுவே. ஆயினும் இரு படங்களும் ஏறத்தாழ ஒரே நுணுக்கத்தவை. ஒரு புள்ளி 40 மீட்டருக்கும் மிகுதியான தரையைக் குறித்தது. இரண்டாவது படத்திலும் முகம் தெரிந்தபோது அதனை உறுதிச் சான்றாகக் கொண்டனர். அந்த நுணுக்கத்தில் எத்தனை படங்களைச் சேர்த்தாலும் முகத்தையும் மேட்டையும் பிரித்தறிய இயலாது என்பதை அவர்கள் கருத்திற் கொள்ளவில்லை.

1998 ஏப்ரலில் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் அதே இடத்தைப் பத்து மடங்கு கூரிய நுணுக்கத்தில் எடுத்தது. மேடுதான் தெரிந்தது. அப்போது அங்கே குளிர்காலம். மெல்லிய முகில் இருந்தது. முகில் முகத்தை மறைத்துவிட்டது என்று சிலர் வாதிட்டனர். 2001 ஏப்ரலில் தெளிந்த வானில், ஒரு புள்ளிக்கு 1.56 மீட்டர் என்னும் நுணுக்கத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. அதன்பின்னும் ஐயம் முற்றாக ஓயவில்லை. வினா தவறாகத் தொடங்கவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. எந்தப் படம் வந்தால் தம் கருத்தைக் கைவிடுவோம் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல், படம் வந்த ஒவ்வொரு முறையும் அந்த எல்லையை நகர்த்தியதுதான் அதனைக் கெடுத்தது. சண்முக சுப்பிரமணியன் சுட்டிய புள்ளி நவம்பர்ப் படத்தில் இல்லாமற் போயிருப்பின் அவருடைய கூற்று அன்றே முடிந்திருக்கும்.

படக்குறிப்பும் 'போலி'யும்

முன்னுரையில் விடப்பட்ட நெப்டியூனுக்குத் திரும்பலாம். வாயேஜர் 2 கலம் 1986-இல் யுரேனசையும் 1989-இல் நெப்டியூனையும் கடந்து சென்றது. யுரேனஸ் வெளிர் பச்சை கலந்த நீலமாகவும், நெப்டியூன் ஆழ்ந்த நீலமாகவும் பாடநூல்களில் இடம்பெற்றன. ஆக்ஸ்போர்டின் பேட்ரிக் இர்வின் தலைமையிலான குழு 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, ஹப்புள் தொலைநோக்கியும் சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கியும் தந்த முழு நிறமாலைத் தரவைக் கொண்டு, இரு கோள்களும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே பச்சை கலந்த நீலமாகவே தெரியும் என்று காட்டியது. நெப்டியூன் சற்றே கூடுதல் நீலம். அதன் பனிமூட்டப் படலம் மெல்லியது என்பது அதற்குக் காரணம். முகில்களும் காற்றோட்டங்களும் தெளிவாகத் தெரியும்பொருட்டு 1989-ஆம் ஆண்டுப் படத்தின் நிறமும் மாறுபாடும் மிகைப்படுத்தப்பட்டிருந்தன.

இதில் மறைப்பு ஏதுமில்லை. வெளியிடப்பட்டபோதே படக்குறிப்பில் அது சொல்லப்பட்டிருந்தது. படம் நூலிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து சுவரொட்டிக்கும் படியெடுக்கப்பட்டபோது குறிப்பு உதிர்ந்தது. படம் மட்டும் எஞ்சியது. உரைக்குறிப்பு விடுபட்டு மூலம் மட்டும் படியெடுக்கப்பட்ட சுவடிகளைப் பதிப்பாளர்கள் கண்டிருப்பர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அம்மாணவர் கேட்டது, உதிர்ந்த அந்தக் குறிப்பைத்தான்.

தமிழ் நாளிதழ்களிலும் பாடத் துணைநூல்களிலும் வானியல் படத்தின் கீழ்ப் பெரும்பாலும் 'நன்றி: நாசா' என்பதே காணப்படுகிறது. எடுத்த கருவி, எடுத்த நாள், எந்த அலைநீளம், நிறம் எவ்வாறு ஒதுக்கப்பட்டது, ஒரு படப்புள்ளி எவ்வளவு பரப்பைக் குறிக்கிறது என்பன இரண்டு வரிகளில் அடங்கிவிடும். விக்ரம் படத்திற்கு '2019 நவம்பர் 11, எல்.ஆர்.ஓ. குறுங்கோணப் படக்கருவி; ஒரு புள்ளி 0.7 மீட்டர், படுகோணம் 72 பாகை' என்று எழுதியிருந்தால், அதனை ஐயுற விரும்பிய வாசகர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிந்திருப்பார்.

கலைச்சொல்லிலும் ஓர் இடர் உண்டு. கண் காணாத அலைநீளத்தை அல்லது ஒற்றை நிறக்கோட்டை வேறொரு நிறத்தால் காட்டுவதைத் தமிழில் 'போலி நிறம்' என்று எழுதுகின்றனர். இன்றைய வழக்கில் போலி என்பது ஏமாற்றைக் குறிக்கும். போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்பவை நாள்தோறும் காதில் விழுவன. ஆகவே 'நாசா வெளியிட்ட போலி நிறப் படம்' என்னும் தொடரை வாசிப்பவர், நிறுவனமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதினால் அவரைக் குறை சொல்ல இயலாது. அவ்வாறு கருதி எழுதப்பட்ட மறுப்புரைகளை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு.

ஆனால் இலக்கணத்தில் போலி என்னும் சொல்லுக்கு அப்பழி இல்லை. மஞ்சு 'மைஞ்சு' என வருவதும், அகம் 'அகன்' என வருவதும் போலி. ஓர் எழுத்து நின்ற இடத்தில் மற்றோர் எழுத்து வந்து நிற்கிறது, பொருள் மாறுவதில்லை. 526 நானோமீட்டர் ஒளியின் இடத்தில் நீலம் வந்து நிற்பதும் இலக்கண நெறிப்படி போலியே. அப்பழைய பொருளை மீட்டு நிலைநாட்டலாம் என்று இத்துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் உரையாடலின்போது கருத்துரைத்தார். கருத்து இனியது, ஆயினும் செய்தித்தாள் வாசகர் நன்னூலை நினைவிற் கொண்டு படம் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மூலத்தில் இல்லாத நிறத்தை விதிப்படி வழங்கியிருந்தால் 'ஒதுக்கீட்டு நிறம்' என்றும், இருக்கும் நிறத்தைக் கூட்டியிருந்தால் 'மிகை நிறம்' என்றும் இரண்டாகப் பிரித்து வழங்கலாம். ஹானியின் பொருளில் காண்பது முன்னது. வாயேஜரின் நெப்டியூனில் காண்பது பின்னது.

இவ்வாண்டு அதே பாடம் மீண்டும் வந்தபோது 1989-ஆம் ஆண்டுப் படமும் 2024-ஆம் ஆண்டுப் படமும் அருகருகே திரையில் இடப்பட்டன. எது உண்மை என்று மாணவர்கள் கேட்டனர். இரண்டின் படக்குறிப்புகளையும் எழுதிவருமாறு பணிக்கப்பட்டனர். ஒரே படத்திற்கு ஒன்பது வகையான குறிப்புகள் வந்தன.